இரண்டாவது எஞ்சின் எதற்கு? பழைய ட்வின் கமாஞ்சி வாங்க நினைக்கும் தம்பிக்கு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாலஸில் மென்பொருள் வேலையில் இருக்கும் தம்பி ஒருவர். ஒற்றை எஞ்சின் செஸ்னாவில் 350 மணி நேரம் பறந்திருக்கிறார். 1966ஆம் வருஷத்து பைப்பர் ட்வின் கமாஞ்சி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். விலை கைக்கு எட்டுகிறது. "புது ஆனுவல் முடிந்த கையோடு தருகிறேன், பெயின்ட் போன வருஷம் அடித்தது" என்கிறாராம் விற்பவர். ஆனுவல் என்பது வருஷாந்திரக் கட்டாயப் பரிசோதனை. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு டென்வரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வருஷத்துக்கு நாலைந்து தடவை போய்வர வேண்டும். "ராத்திரியில், மலைப் பக்கம் பறக்கும்போது இரண்டு எஞ்சின் இருந்தால் நிம்மதிதானே அண்ணா? வாங்கலாமா? செலவு எப்படி?"

வாங்கலாம். ஆனால் அந்த நிம்மதிக்காக வாங்காதீர்கள். அது விமானத்தோடு சேர்ந்து வருவதில்லை. ஒவ்வொரு வருஷமும் பணம், நேரம், பயிற்சி மூன்றையும் கொட்டி நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டிய சரக்கு அது. நான் டெக்சாஸில் விமான மெக்கானிக். ஆனுவலுக்குக் கையெழுத்துப் போடும் ஐ.ஏ. என்ற பரிசோதகர் அதிகாரமும் உண்டு. நானும் ஒரு நண்பரும் கூட்டாக இதே ட்வின் கமாஞ்சியைப் பதினோரு வருஷம் வைத்திருந்து விற்றோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ட்வின் கமாஞ்சியில் 160 குதிரைத்திறன் லைகமிங் எஞ்சின் இரண்டு. முழு எடையில், கடல் மட்டத்தில், இரண்டும் ஓடினால் நிமிஷத்துக்கு 1,460 அடி ஏறும் என்கிறது கையேடு. ஒன்று நின்றுபோனால் 260 அடி. பாதிச் சக்திதானே போனது, ஏற்றம் மட்டும் ஏன் ஐந்தில் நாலு பங்கு போகிறது? வீட்டில் இரண்டு பேர் சம்பாதிக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு வேலை போனால் வருமானம்தான் பாதியாகும். வாடகையும் பள்ளிக் கட்டணமும் பாதியாகாது. அடி விழுவது மாசக் கடைசியில் மிச்சம் பிடிக்கும் காசில். விமானம் உயரம் குறையாமல் பறப்பதற்கே பெரும்பங்கு சக்தி செலவாகிவிடுகிறது, அதுபோக மிச்சம் இருப்பதில்தான் ஏறுகிறது. நின்ற எஞ்சினின் ப்ரொப்பெல்லர் காற்றை எதிர்த்துக்கொண்டு நிற்பதும், விமானம் கோணலாகப் பறப்பதும் அந்த மிச்சத்தில் மேலும் கை வைக்கும்.

அந்த 260 அடியும் புது எஞ்சின், புது ப்ரொப்பெல்லர், கம்பெனியின் தேர்ந்த பைலட் ஆகிய மூன்றும் கூடியபோது வந்த எண். உங்கள் விமானத்துக்கு ஏறக்குறைய அறுபது வயது. பலருக்குத் தெரியாத இன்னொன்று: 6,000 பவுண்டுக்கு உட்பட்ட, ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே சிறகு விமானத்தைத் தாங்காது) 61 நாட், அதாவது மணிக்கு 70 மைல், தாண்டாத இரட்டை எஞ்சின் விமானம் ஒற்றை எஞ்சினில் ஏறியே ஆக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் அந்தக் காலத்தில் கேட்கவில்லை. 5,000 அடியில் என்ன செய்கிறது என்று அளந்து எழுதினால் போதும். இறங்கினாலும் சரி, இறங்குகிறது என்று எழுதிக்கொள்ளலாம்.

இப்போது அக்கா வீட்டுக்கு வருவோம். டென்வரில் சின்ன விமானங்கள் அதிகம் இறங்கும் சென்டெனியல் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 5,885 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூலை மத்தியானம் 32 டிகிரி வெயிலில் அங்கே காற்று 9,000 அடிக்கு மேல் இருக்கும் காற்றைப் போல மெலிந்திருக்கும். ட்வின் கமாஞ்சி முழு எடையோடு ஒற்றை எஞ்சினில் ஏறக்கூடிய உயரம் ஆறாயிரத்தை ஒட்டித்தான் முடிகிறது. ஆக, குடும்பத்தோடு அங்கே கிளம்பும்போது ஒரு எஞ்சின் போனால் நீங்கள் ஓட்டுவது ஏறும் விமானம் அல்ல, மெதுவாக இறங்கும் விமானம். காலை ஆறு மணிக்கு, டாங்கியை நிரப்பாமல் அமரில்லோ வரைக்கும் போதுமான பெட்ரோலோடு கிளம்பினால் கதை கொஞ்சம் மாறும். அப்போதும் "ஒன்று போனாலும் இன்னொன்று தூக்கிவிடும்" என்ற எண்ணத்தை ரன்வேயிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போங்கள்.

அப்படியென்றால் இரண்டாவது எஞ்சின் எதற்கு? நடுவானத்துக்கு. ராத்திரி 9,000 அடியில், கீழே ஒரு விளக்கும் இல்லாத நியூ மெக்சிகோ பொட்டல் காட்டின் மேல் ஒன்று நின்றால், ஒற்றை எஞ்சின்காரன் இருட்டுக்குள் இறங்கியாக வேண்டும். நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தை விட்டுக்கொடுத்து, அரை மணி நேரம் பறந்து, விளக்கு எரியும் ரன்வே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறக்கும்போது மின்சாரத்துக்கும், சில கருவிகளை இயக்கும் வாக்குவம் பம்புக்கும் இரட்டை ஏற்பாடு இருப்பதும் சின்ன விஷயமில்லை. இந்த லாபம் நிஜம். ஆபத்து முழுக்கத் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அந்த ஆபத்துக்குப் பெயர் வி.எம்.சி. ஒற்றை எஞ்சினில் விமானத்தைக் கட்டுக்குள் வைக்கக்கூடிய ஆகக் குறைந்த வேகம் அது. வேகமானியில் சிவப்புக் கோடாக இருக்கும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் மற்ற மாடு வண்டியை நேரே இழுப்பதில்லை, பக்கவாட்டில் திருப்பும். அதேதான் இங்கேயும். ஓடும் எஞ்சின் மூக்கைச் செத்த எஞ்சின் பக்கம் தள்ளும், ரடரை, அதாவது வாலில் நிற்கும் திருப்புப் பலகையை, காலால் மிதித்து நீங்கள் தடுக்க வேண்டும். ரடருக்குப் பலம் காற்றின் வேகத்தில் இருக்கிறது. வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் முழுசாக மிதித்தாலும் மூக்கு நிற்காது. அப்படியே புரண்டு தலைகீழாகும். இரண்டு ப்ரொப்பெல்லரும் ஒரே திசையில் சுற்றும் விமானங்களில், மூக்கு தூக்கியிருக்கும்போது கீழே இறங்கும் வலப்பக்க இதழ் அதிகமாக இழுக்கும். அதனால் வலது எஞ்சினின் இழுவை உடலிலிருந்து தள்ளி நிற்கும், இடது எஞ்சினின் இழுவை ஒட்டி நிற்கும். இடது நின்றுபோனால் திருகல் மோசம்.

ட்வின் கமாஞ்சி இந்தப் பாடத்தை ரத்தம் சிந்திக் கற்ற விமானம். 1963இல் வந்தது. ஒற்றை எஞ்சின் கமாஞ்சியின் உடம்பை எடுத்து எட் ஸ்வேரிங்கன் இரட்டை எஞ்சினுக்கு மாற்றினார். மலிவு, வேகம், பெட்ரோல் குறைவு என்பதால் பறக்கும் பள்ளிகள் அள்ளிக்கொண்டு போயின. அப்போது பயிற்சி எப்படித் தெரியுமா? தரைக்குப் பக்கத்திலேயே ஒரு எஞ்சினைக் குறைத்து, வேகத்தைச் சிவப்புக் கோடு வரைக்கும் இறக்கி மாணவனுக்குக் காட்டுவார்கள். உயரம் கூடக் கூட எஞ்சின் சக்தி குறைவதால் வி.எம்.சி. இறங்கும். ஸ்டால் வேகம் இறங்காது. இரண்டும் ஒன்றோடொன்று முட்டும் இடத்தில் விமானம் புரண்டு சுழலில் விழும். மீள உயரம் இருக்காது. அறுபதுகளில் பயிற்சியில் போன உயிர்கள் பல. பிறகுதான் மணிக்கு 80 மைல் என்றிருந்த வி.எம்.சி. 90 ஆனது. பயிற்சியும் உயரத்துக்குப் போனது. 1970இல் எதிரெதிர்த் திசையில் சுற்றும் எஞ்சின்களோடு பி.ஏ.-39 என்ற மாடல் வந்தது. நீங்கள் பார்த்திருப்பது 1966 மாடல், பழைய வகை. இத்தனைக்கும் 1964 கிறிஸ்துமஸ் சமயத்தில் மேக்ஸ் கான்ராட் என்ற பைலட் கேப் டவுனிலிருந்து ஃபுளோரிடா வரைக்கும் எங்குமே இறங்காமல் பறந்தது ஒரு ட்வின் கமாஞ்சியில்தான்! தெரிந்தவன் கையில் தங்கம்.

இந்த விமானத்துக்கு ஒரு குணம் உண்டு. ரன்வேயில் 80 மைல் வந்ததுமே தானாகத் துள்ளி எழப் பார்க்கும். விடாதீர்கள். 90 தாண்டும் வரைக்கும் சக்கரத்தைத் தரையில் அழுத்தி வையுங்கள். எழுந்த பிறகு நீலக்கோடு, அதாவது ஒற்றை எஞ்சினில் ஆகச் சிறப்பாக ஏறும் 105 மைல், சீக்கிரம் வந்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்டாலும் பரவாயில்லை: "கியர் கீழே இருக்கும்வரை என்ன நடந்தாலும் இரண்டு த்ராட்டிலும் பின்னால், நேரே முன்னால் இறங்குவேன்." கியர் என்பது மடங்கும் சக்கரங்கள், த்ராட்டில் என்பது எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் லீவர். ரன்வே முடிந்தபின் வேலியில் மோதி விமானம் நொறுங்கலாம். சிறகு சமமாக, கட்டுப்பாட்டோடு மோதுகிறவன் பெரும்பாலும் நடந்து வெளியே வருவான். தலைகீழாக விழுகிறவன் வரமாட்டான்.

கியர் மேலே போய், நீலக்கோடும் தாண்டி, அப்போது நின்றால்? மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றுங்கள். எல்லா லீவரும் முன்னே. ஃபிளாப் (சிறகின் பின்னால் கீழிறங்கும் மடிப்பு), கியர் மேலே. எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் செத்த எஞ்சின். அந்தப் பக்க த்ராட்டிலை மெதுவாக இழுத்துப் பாருங்கள். சத்தமும் இழுவையும் மாறவில்லை என்றால் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள். பிறகு ஃபெதர், அதாவது நின்ற ப்ரொப்பெல்லரின் இதழ்களைக் காற்றை எதிர்க்காதபடி திருப்புவது. ஓடும் எஞ்சின் பக்கம் ஐந்து டிகிரிக்குள் சாய்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் நல்ல எஞ்சினை ஃபெதர் செய்தவர்கள் உண்டு. அதனால்தான் இந்தச் சோதனைக்கு இரண்டு விநாடி செலவழிக்கச் சொல்கிறேன்.

ஃபெதர் விஷயத்தில் மெக்கானிக்காக ஒரு வார்த்தை. எண்ணெய் அழுத்தம்தான் இந்த ப்ரொப்பெல்லரின் இதழ்களைத் தட்டையாகப் பிடித்து வைத்திருக்கிறது. அழுத்தம் போனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் நைட்ரஜனும் இதழைத் திருப்பிக் காற்றுக்கு விளிம்பு காட்டச் செய்யும். அதுதான் ஃபெதர். அப்படியானால் தினமும் எஞ்சினை அணைக்கும்போது ஏன் ஃபெதர் ஆவதில்லை? சுற்று வேகம் குறைந்ததும் சின்ன ஆணிகள் உள்ளே விழுந்து இதழைப் பூட்டிவிடும். மாடலைப் பொறுத்து 800, 1,000 சுற்றுக்குக் கீழே இது நடக்கும். தரையில் நல்லது. வானத்தில், எஞ்சின் இறுகி நிற்கப் போகிறது என்று தெரிந்தும் நீங்கள் யோசித்துக்கொண்டே இருந்தால் அந்தப் பூட்டு விழுந்துவிடும், பிறகு ஃபெதரே கிடையாது. தட்டையான இதழ் ஒரு பலகை மாதிரி காற்றை மறித்துக்கொண்டு நிற்கும். 260 அடி என்ற கணக்கெல்லாம் அத்தோடு முடிந்தது.

எங்கள் விமானத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வருஷாந்திரப் பயிற்சி, குளிர்காலக் காலை, 5,500 அடி. பயிற்சியாளர் இடது எஞ்சினை நிஜமாகவே நிறுத்தச் சொன்னார். ஃபெதர் அழகாக ஆனது. திரும்ப ஸ்டார்ட் செய்தால் ப்ரொப்பெல்லர் ஒரு இதழ் தூரம் நகர்ந்து, முனகி, நின்றது. ஃபெதரில் இருக்கும் இதழைச் சுற்றுவது ஸ்டார்ட்டருக்குப் பெரிய பாரம், அந்தக் குளிரில் பேட்டரிக்கு அவ்வளவு தெம்பு இல்லை. நாலு தடவை முயன்றோம். ஐந்தாவதுக்கு அவர் என் கையைத் தட்டிவிட்டு, "போதும், இப்போது இது பயிற்சி இல்லை" என்றார். கீழே 7,000 அடி ரன்வே இருந்தது, வேண்டுமென்றே அதன் மேல்தான் வட்டமடித்துக்கொண்டிருந்தோம். கியரை ரன்வே உறுதி என்று தெரிந்த பிறகே இறக்கினேன். ஏனென்றால் கியரும் ஃபிளாப்பும் கீழே இருக்க, ஒற்றை எஞ்சினில் திரும்ப எழும் வாய்ப்பு இல்லை. இறங்கிய பிறகு வலது கால் தொடை பத்து நிமிஷம் நடுங்கிக்கொண்டே இருந்தது. அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ., தரையிலிருந்து 3,000 அடிக்குக் கீழே நிஜமாக நிறுத்தாதே என்று சொல்வதன் அர்த்தம் அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. ஆறு மாசத்துக்கு ஒருமுறை இந்த மாடல் தெரிந்த பயிற்சியாளரோடு பறக்க முடியாது என்றால் இந்த விமானமே வேண்டாம், நல்ல ஒற்றை எஞ்சின் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, இரும்புக்கு வருகிறேன்.

அடிமாட்டு விலைக்கு வரும் இரட்டை எஞ்சின் விமானத்தில் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், லாக்புக் என்ற பராமரிப்புப் பதிவேட்டைப் பாருங்கள். அதிலும் மொத்த மணி நேரத்தை விட ஒவ்வொரு வருஷமும் எத்தனை மணி பறந்தது என்பதைப் பாருங்கள். லைகமிங்கில் கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டு, மேலே இருக்கிறது. ஓடாமல் நின்றால் எண்ணெய் வடிந்து கீழே இறங்கிவிடும், கேம் காய்ந்து துருப்பிடிக்கும். பிறகு ஒருநாள் ஓட்டும்போது துரு பிடித்த இடம் உப்புக்காகிதம் போல, கேமை ஒட்டி நகரும் டேப்பெட்டை அரைக்கும். ஒருமுறை வாங்குபவர் ஒருவருக்காகப் பக்கத்து மாநிலத்துக்குப் போய் ஒரு விமானத்தைப் பார்த்தேன். கண்ணாடி போலப் பெயின்ட், தோல் சீட், புது கார்மின் வழிகாட்டிக் கருவி. ஓவர்ஹாலுக்கு (எஞ்சினை முழுசாகப் பிரித்துப் புதுப்பிப்பது) பிறகு 400 மணிதான் ஓடியது என்று விற்பவர் பெருமையாகச் சொன்னார். லாக்புக்கைத் திருப்பினால் கடைசி ஆறு வருஷத்தில் மொத்தமே பன்னிரண்டு மணி. எண்ணெய் ஃபில்டரை அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்து, வெயிலில் பிடித்துச் சாய்த்தேன். பொங்கலுக்குக் கோலத்தில் தூவும் மினுமினுப்பு மாதிரி மின்னியது. காந்தத்தைக் கொண்டுபோனதும் அத்தனையும் ஒட்டிக்கொண்டது. 2,000 மணி என்று லைகமிங் சொல்லும் ஆயுளில் இன்னும் 1,600 மிச்சம் என்ற கணக்கு அந்த ஃபில்டரோடு குப்பைக்குப் போனது. ஒரு எஞ்சின் ஓவர்ஹாலுக்கு முப்பதாயிரம் டாலருக்குக் கீழே இன்று யாரும் பேசுவதில்லை, உங்களுக்கு இரண்டு.

ஆக, எண்ணெய் ஃபில்டர், எண்ணெய்ச் சோதனை அறிக்கைகள், எஞ்சினுக்குள் விடும் சின்னக் கேமராவான போர்ஸ்கோப்பில் எட்டு எக்ஸாஸ்ட் வால்வின் படம் ஆகியவற்றைக் கேளுங்கள். விற்பவரின் மெக்கானிக் பார்க்கக்கூடாது. கமாஞ்சி தெரிந்த வேறு ஆள் பார்க்க வேண்டும். இன்டர்நேஷனல் கமாஞ்சி சொசைட்டி என்ற உரிமையாளர் சங்கம் இருக்கிறது. வாங்குவதற்கு முன்னாலேயே சேர்ந்துவிடுங்கள். காரணம் உண்டு. கமாஞ்சி செய்த தொழிற்சாலை பென்சில்வேனியாவில் லாக் ஹேவன் என்ற ஊரில், சஸ்குவஹானா ஆற்றங்கரையில் இருந்தது. 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் வெள்ளம் உள்ளே புகுந்து அச்சு, கருவி எல்லாவற்றையும் நாசமாக்கியது. கமாஞ்சி உற்பத்தி அத்தோடு நின்றது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக இந்த விமானங்களை உயிரோடு வைத்திருப்பது பழைய விமானங்களிலிருந்து கழற்றிய பாகங்களும், அதை எங்கே தேடுவது என்று தெரிந்த மனுஷர்களும்தான்.

இந்த மாடலுக்கே உரிய இடங்கள் சில. வாலில், ஸ்டெபிலேட்டரை (முழுசாக அசையும் கிடைவால்) அசைக்கும் ஹார்ன் என்ற பாகம் விரிசல் விடக்கூடியது. அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி 2012இல் எஃப்.ஏ.ஏ. கட்டாய உத்தரவு, நாங்கள் ஏ.டி. என்போம், போட்டிருக்கிறது. மூக்கில் பெட்ரோலில் எரியும் ஹீட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கும். உங்கள் காலுக்குச் சற்று முன்னால் எரியும் அடுப்பு அது. அதன் குழாயில் கசிவு இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்த பதிவு இல்லையென்றால் ஸ்விட்சையே தொடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு காட்டும் கருவி ஒன்றை வாங்கி மாட்டுங்கள், அது செலவே இல்லை. பெட்ரோல் இருப்பது சிறகுக்குள் ரப்பர் பைகளில். வயதானால் ரப்பர் சுருங்கி மடிப்பு விழும், மடிப்பில் தண்ணீர் ஒளிந்துகொள்ளும்.

கியர் மோட்டாரில் ஓடுகிறது. மோட்டார் போனால் முன்சீட்டுகளுக்கு நடுவே தரையில் இருக்கும் மூடியைத் திறந்து, மோட்டாரை விடுவித்து, கம்பியை மாட்டி முன்னே தள்ள வேண்டும். வேகத்தைக் குறைக்காமல் தள்ளினால் காற்று விடாது. விமானத்தை ஜாக்கியில் தூக்கி வைத்திருக்கும்போது மெக்கானிக்கைக் கெஞ்சியாவது இதை உங்கள் கையால் ஒருமுறை செய்து பாருங்கள். கியர் இறங்கப் பங்கி என்ற ரப்பர்க் கயிறுகள் இழுத்து உதவும், அவையும் காய்ந்து தளரும்.

செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ட்வின் கமாஞ்சி சாது. மணிக்குப் பதினாறு, பதினேழு கேலன் குடித்து 160 நாட் ஓடும். செஸ்னா 310, பீச்கிராஃப்ட் பேரன் என்ற பெரிய இரட்டை எஞ்சின் விமானங்கள் இரண்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கும். ஆனால் பெட்ரோல் இந்தக் கணக்கில் சின்னத் தொகை. மேக்னெட்டோ நாலு, சிலிண்டர் எட்டு, கவர்னர் இரண்டு, இரண்டு ப்ரொப்பெல்லருக்கும் ஓவர்ஹால். இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்கள் இரட்டை எஞ்சின் மணி நேரத்தைக் கேட்கும். பூஜ்யம் என்றால் முதல் வருஷப் பிரீமியம் வயிற்றைக் கலக்கும், பயிற்சியாளரோடு இத்தனை மணி பறந்துவிட்டுத்தான் குடும்பத்தை ஏற்ற வேண்டும் என்றும் எழுதும். அது நல்லதுக்குத்தான். யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை இது. வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் வருஷத்துக்குத் தனியாக எடுத்து வைக்க முடியாதென்றால் கூட்டாளி ஒருவரைத் தேடுங்கள். எங்களுக்கு அப்படித்தான் கட்டுப்படியானது. கூட்டு இருந்தால் விமானம் அடிக்கடி பறக்கும், கேம்ஷாஃப்டும் காயாது.

நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்று. விற்பவரிடம் லாக்புக்கின் படங்களை அனுப்பச் சொல்லி, கியர் பங்கிக் கயிறுகளைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தேடுங்கள். 500 மணி அல்லது மூன்று வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்று ஏ.டி. இருக்கிறது. அதிகம் பறக்காத விமானத்தில் மணி நேரம் ஆகியிருக்காது, வருஷம் ஓடியிருக்கும், பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். தேதி மூன்று வருஷத்துக்கு மேல் பழையது, ஆனாலும் புது ஆனுவலில் கையெழுத்து இருக்கிறது என்றால் அந்தக் கையெழுத்துப் போட்டவர் வேறு எதையெல்லாம் பார்க்கவில்லை என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். தேதி சரியாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், ஃபில்டரை அறுக்க நான் வருகிறேன்.